நீர்க்கடுப்பு என்று நினைத்தது கெட்டமின் என்றால்

குடியாத்தத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். தம்பிக்கு 23 வயது, பெங்களூரில் வேலை. நாலைந்து மாதமாக அரை மணிக்கு ஒருமுறை கழிப்பறைக்கு ஓடுகிறான். போகும்போது உயிர் போகிற வலி, இரண்டு தடவை ரத்தமும் வந்திருக்கிறது. ஊரில் மூன்று முறை ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்து அதுவும் முடிந்தாயிற்று. ஸ்கேனில் சிறுநீர்ப்பைச் சுவர் தடித்திருக்கிறது, வலது சிறுநீரகத்தில் லேசான வீக்கம் என்று வந்திருக்கிறது. அதற்கப்புறம்தான் தம்பி இவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறான்: இரண்டு வருடமாக, ‘வாரக்கடைசியில் மட்டும்’, போதைக்காகக் கெட்டமின் என்ற மயக்க மருந்து. ‘நிறுத்தினால் சரியாகிவிடுமா?’ என்று ஒரே வரியில் கேட்டு முடித்திருக்கிறார். ஆனால் அவர் எழுதியதை முழுதாகப் படித்தால் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. பை பழையபடி ஆகுமா, சிறுநீரகம் போய்விடுமா, மருத்துவமனையில் உண்மையைச் சொன்னால் போலீஸ் வருமா. கடைசிக் கேள்விக்குப் பயந்துகொண்டுதான் முதல் இரண்டுக்கும் பதில் தேடாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

நான் சிறுநீரியல் அறுவை மருத்துவர். வேலூர் வட்டாரத்தில் பல வருடமாக ஓ.பி. பார்க்கிறேன். கெட்டமினால் கெட்டுப்போன சிறுநீர்ப்பை இங்கே தினமும் வருகிற விஷயம் இல்லை. நான் பார்த்தவர்கள் சிலர்தான், அவர்களும் வெளியூரில் படித்தவர்கள் அல்லது வேலை பார்த்தவர்கள். ஆனால் சுருங்கிப்போன சிறுநீர்ப்பை எனக்கு நன்றாகப் பழக்கமானது. அந்த அனுபவத்தையும், ஹாங்காங், பிரிட்டன் மருத்துவர்கள் எழுதிவைத்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தம்பியை நேரில் பார்க்காமல் சொல்வதால், இதை வைத்து எந்த மருந்தையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற வேறு சிலருக்கும் அது இருக்கும். கெட்டமின் நல்ல மருந்து. 1970 முதல் மனிதர்களுக்குப் பயன்பாட்டில் இருக்கிறது, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போதும், ரத்த அழுத்தம் இறங்கிப்போன நோயாளிக்கு மயக்கம் கொடுக்கும்போதும் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு ஒருமுறை போட்ட ஊசியால் யாருடைய சிறுநீர்ப்பையும் கெடாது. நான் பேசுவது போதைக்காகத் திரும்பத் திரும்ப, கிராம் கணக்கில் எடுப்பதைப் பற்றி.

கல்லீரல் கெட்டமினை நார்கெட்டமின் போன்ற பொருள்களாக மாற்றுகிறது. அவை சிறுநீரில் கலந்து வெளியேறுகின்றன. வெளியேறும் வரை பையில் தேங்கி நிற்கின்றன, அங்கேதான் வினை. சிறுநீர்ப்பையின் உள்பக்கம் மெல்லிய ஒரு பாதுகாப்புப் பூச்சு உண்டு. வீட்டில் ஈயம் போன பித்தளைச் சட்டியில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்று பாட்டி சொல்வாளே, கிட்டத்தட்ட அதே கதை. பூச்சு போன இடத்தில் சிறுநீரே தசையையும் நரம்பையும் நேராகத் தொடுகிறது. புண்ணாகிறது, ரத்தம் கசிகிறது, உரிந்த தோல் சளித் துணுக்கு மாதிரி சிறுநீரில் வருகிறது. புண் ஆறும்போது தழும்பு விழுகிறது. தழும்பு விழுந்த பை விரியாது. சாதாரணமாக 300 முதல் 500 மில்லி வரை தாங்குகிற பை, முற்றிய நிலையில் 100 மில்லிகூடத் தாங்காமல் போகும். தம்பி அரை மணிக்கொருமுறை ஓடுவதற்குக் காரணம் அதுதான். பழக்கமோ பதற்றமோ என்று நினைத்து யாரும் அவனைக் கடிந்துகொள்ள வேண்டாம். என்னிடம் வந்த ஒரு பையன் பெங்களூரிலிருந்து காட்பாடி வரை ரயிலில் உட்காரவே இல்லை. முன்பதிவு செய்த சீட்டைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, கழிப்பறைக் கதவை ஒட்டியே நின்றுகொண்டு வந்தான்.

இது கெட்டமினால் வருகிறது என்பதில் இப்போது சந்தேகம் இல்லை. 2007இல் டொரன்டோ மருத்துவர்கள் ஒன்பது பேரைப் பற்றி எழுதினார்கள், அதே ஆண்டு ஹாங்காங்கிலிருந்தும் தகவல் வந்தது. மறு ஆண்டு ஹாங்காங் மருத்துவர்கள் 59 பேரின் விவரத்தை வெளியிட்டார்கள். 2014இல் பிரிட்டன் கெட்டமினை இன்னும் கடுமையான சட்டப் பிரிவுக்கு மாற்றியபோது சிறுநீர்ப்பைப் பாதிப்பும் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. எவ்வளவு அதிகம், எத்தனை அடிக்கடி என்பதைப் பொறுத்து ஆபத்து கூடுகிறது என்பதும் உறுதி. உறுதியில்லாதது இரண்டு. பூச்சை அரிப்பது மருந்தின் நேரடி நச்சா, சிறு ரத்தக்குழாய்கள் அடைபடுவதா, ஒவ்வாமை மாதிரியான எதிர்வினையா என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. மூன்றுமே சேர்ந்து இருக்கலாம். ஒரே அளவு எடுக்கிற இரண்டு நண்பர்களில் ஒருவன் பை சுருங்கிப் படுத்திருக்க, மற்றவன் ஏன் சும்மா திரிகிறான் என்பதற்கும் சரியான விளக்கம் கிடையாது. ‘கலப்படம்தான் காரணம், சுத்தமான சரக்கு ஒன்றும் செய்யாது’ என்று பையன்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. அது நிற்காது. மருத்துவர் மேற்பார்வையில், வலிக்காக நீண்ட நாள் சுத்தமான கெட்டமின் எடுத்தவர்களுக்கும் இந்தப் பாதிப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு.

இது நம் ஊரில் ஏன் தவறிப்போகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேலூரில் யாருக்கு நீர்க்கடுப்பு வந்தாலும் முதல் தீர்ப்பு ‘சூடு’. வெயில் அப்படி. தொப்புளில் விளக்கெண்ணெய் வை, இளநீர் குடி, எண்ணெய் தேய்த்துக் குளி என்பார்கள். அடுத்த தீர்ப்பு ‘கல்லு’. உடனே வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம். அதற்கும் கேட்காவிட்டால் மருந்துக் கடையில் சிட்ரால்கா ஒரு பாட்டில், கூடவே நார்ஃப்ளாக்ஸ். மருத்துவரிடம் போனால் சிறுநீர்ப் பரிசோதனை. அதில் சீழ் அணுக்கள் நிறைய இருக்கும், ரத்த அணுக்களும் இருக்கும். தொற்று என்று ஆன்டிபயாடிக் எழுதுவார். கல்ச்சரில், அதாவது சிறுநீரிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், எதுவும் வளராது. இரண்டாவது, மூன்றாவது ஆன்டிபயாடிக். இதில் எந்த மருத்துவரையும் குற்றம் சொல்ல மாட்டேன். சொல்லாத விஷயத்தை யாரும் யோசிக்க முடியாது.

இதற்கடுத்த திருப்பம்தான் எனக்குப் பெரிய கவலை. சீழ் இருக்கிறது, கிருமி வளரவில்லை, பை சுருங்கியிருக்கிறது, சிறுநீரகம் வீங்கியிருக்கிறது என்றால் நம் நாட்டில் பயிற்சி பெற்ற எந்தச் சிறுநீரியல் மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது காசநோய். தோன்றவும் வேண்டும். சிறுநீர்ப் பாதைக் காசநோய் பையைச் சுருக்கித் தையல் விரலுறை அளவுக்குக் கொண்டுவந்துவிடும். இரண்டு நோய்க்கும் ஸ்கேன் படத்தை அருகருகே வைத்தால் எனக்கே சில நேரம் பிரித்துச் சொல்ல வராது. கெட்டமின் விஷயம் தெரியாமல் போனால், உறுதியான ஆதாரம் இல்லாமலே ஆறு மாதக் காசநோய் மாத்திரை தொடங்கப்படலாம். அந்த மாத்திரைகளில் சில கல்லீரலைத் தாக்கக் கூடியவை, கெட்டமின் எடுத்தவரின் கல்லீரலும் பித்தக்குழாயும் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. மேல்வயிற்றில் விட்டுவிட்டு வருகிற பிடிப்பு வலி அதன் அடையாளம். தம்பிக்கு அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இது ஒரு பக்கம். ‘கெட்டமின்தான் எடுத்தேனே’ என்று சொல்லிவிட்டுக் காசநோய்ப் பரிசோதனையைத் தவிர்ப்பதும் தப்பு. நம் ஊரில் ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். காலை முதல் சிறுநீரை எடுத்துக் காசநோய்க் கிருமிக்கும், அந்தக் கிருமியின் மரபணுவைத் தேடுகிற சிபிநாட் சோதனைக்கும் அனுப்பியே தீர வேண்டும்.

ஆகவே நான் சொல்வதில் ஒன்றை மட்டும் செய்ய முடியுமென்றால், மருத்துவரிடம் ‘கெட்டமின்’ என்ற பெயரைச் சொல்லுங்கள். ஓ.பி. கூட்டத்தில், அப்பா பக்கத்தில் நிற்கும்போது சொல்ல வாய் வராது. துண்டுச் சீட்டில் எழுதி நீட்டச் சொல்லுங்கள்: எது, எவ்வளவு நாளாக, வாரத்தில் எத்தனை நாள், ஏறக்குறைய எவ்வளவு, கடைசியாக எப்போது. ‘டாக்டர், தனியாகப் பேசணும்’ என்றால் எந்த மருத்துவரும் கூட வந்தவரை வெளியே அனுப்புவார். ‘வாரக்கடைசியில் மட்டும்’ என்பதை நான் அப்படியே நம்ப மாட்டேன், அதற்காக நீங்கள் அவனைக் குறுக்கு விசாரணை செய்யவும் வேண்டாம். இவ்வளவு பாதிப்பு இருந்தால் அளவு அதைவிடக் கூடுதலாக இருந்திருக்கும். மருத்துவர் தனியாகக் கேட்டால் தானே சொல்வான்.

போவதற்கு முன் மூன்று நாள் ஒரு வேலை செய்யலாம். ஒரு அளவு ஜாடியும் நோட்டும் கழிப்பறையில் வையுங்கள். போகும் ஒவ்வொரு முறையும் மணியையும் மில்லியையும் எழுதட்டும். 6:10, 40. 6:35, 30. 7:05, 45. இப்படி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தால் பாதிப் பரிசோதனை முடிந்த மாதிரி. பை எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது அந்த எண்களிலேயே தெரிந்துவிடும், பிறகு சிகிச்சையில் முன்னேற்றம் இருக்கிறதா என்று பார்க்கவும் அதே நோட்டுதான் உதவும்.

இரண்டாவது கேள்வி, சிறுநீரகம். அவசரம் இங்கேதான் இருக்கிறது. பை நாளைக்கும் அப்படியே இருக்கும், சிறுநீரகம் காத்திருக்காது. சுருங்கிய பைக்குள் அழுத்தம் ஏறுவதால் சிறுநீர் மேல்நோக்கித் திரும்பலாம். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயின் கீழ்முனையும் தடித்து அடைபடலாம். நான் மேலே சொன்ன ஹாங்காங்கின் 59 பேரில் பாதிப் பேருக்குச் சிறுநீரக வீக்கம் இருந்தது. மெதுவாக வருகிற வீக்கத்துக்கு வலியே இருக்காமல் போகலாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிற ரத்தப் பரிசோதனையில் ‘கிரியேட்டினின் நார்மல்தானே’ என்று ஆறுதல் அடையவும் முடியாது, ஒரு சிறுநீரகம் நன்றாக இருந்தாலே அந்த எண் நார்மலாகக் காட்டும். தம்பியின் ஸ்கேனில் வலது பக்கம் வீக்கம் என்று வந்துவிட்டதால், இதை ஒரு மாதம் தள்ளிப்போட வேண்டாம், இந்த வாரமே பாருங்கள். சிறுநீர்ப் பாதை முழுவதையும் காட்டுகிற சி.டி. யூரோகிராம் ஸ்கேன் தேவைப்படும். அடைப்பு இருந்தால் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்தோ, முதுகுப் பக்கமாகச் சின்னக் குழாய் போட்டோ சிறுநீரை இறக்கிவிடுவார்கள். பையைக் கேமரா விட்டுப் பார்ப்பதை இந்த நோயாளிகளுக்கு மயக்கம் கொடுத்துச் செய்வதுதான் நல்லது, விழித்திருந்து தாங்க முடியாது. சதைத் துணுக்கு எடுத்தால், அதைப் பார்க்கிற நோய்க்குறியியல் மருத்துவருக்கும் கெட்டமின் விவரம் போக வேண்டும். இந்தப் புண்ணின் அணுக்கள் சில சமயம் ஆரம்பநிலைப் புற்றுநோய் மாதிரியே தெரியும். கெட்டமின் சிறுநீர்ப்பைப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன். நிறுத்தினால் சரியாகுமா? புண் மட்டும் இருக்கிற கட்டத்தில் நிறுத்தினால், பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் நல்ல மாற்றம் தெரியும். தழும்பு விழுந்து சுருங்கிவிட்ட பகுதி திரும்ப விரியாது. தம்பி இதில் எங்கே நிற்கிறான் என்பதை மயக்கத்தில் பையை நிரப்பிப் பார்த்தால்தான் சொல்ல முடியும், ஏனென்றால் வலியால் சுருங்கிய பை மயக்கத்தில் விரிந்து கொடுக்கும், தழும்பால் சுருங்கியது கொடுக்காது. 2012இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், கெட்டமினை நிறுத்திய பிறகு சிறுநீர்த் தொல்லை என்ன ஆயிற்று என்று சொன்னவர்களில் 51 சதவீதம் பேர் குறைந்தது என்றார்கள், நிறுத்தியும் மோசமானது என்றவர்கள் 4 சதவீதத்துக்கும் கீழே. அது பயன்படுத்தியவர்கள் தாங்களே சொன்ன கணக்கு. மருத்துவர் அளந்தது அல்ல என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தாமல் மருந்து மட்டும் எடுத்து நிலையான குணம் கண்டவரை நான் பார்த்ததில்லை.

ஆனால் ‘நிறுத்து’ என்று சொல்வது எங்களுக்குச் சுலபம். கெட்டமினே ஒரு வலி மருந்து. அதை எடுக்கும்போது பை மரத்துப்போகும், விட்டவுடன் வலி முழுதாகத் தெரியும். நிறுத்திய முதல் சில வாரங்களில்தான் பையன்கள் திரும்ப அதைத் தொடுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் போதைக்காக இல்லை, வலி தாங்காமல். வீட்டில் இருப்பவர்கள் இதைத் திமிர் என்று படித்துவிடுகிறார்கள். அதனால் வலிக்கான சிகிச்சை முதல் நாளே தொடங்க வேண்டும், மனநல மருத்துவரும் அன்றைக்கே சேர வேண்டும். குடியை நிறுத்தும்போது வருகிற மாதிரி உயிருக்கு ஆபத்தான வலிப்பு, சித்தப்பிரமை கெட்டமினை மட்டும் நிறுத்துபவர்களுக்குப் பொதுவாக வராது. தூக்கம் கெடும், மனம் இறங்கும், ஏக்கம் பிடித்து ஆட்டும். கூடவே குடியும் இருந்தால் கதை வேறு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்னொன்று: வலிக்கு என்று பக்கத்துக் கிளினிக்கில் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம். வீங்கியிருக்கிற சிறுநீரகத்துக்கு அது ஆகாது.

மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடிக்கடி சிறுநீர் முட்டுவதைக் குறைக்கச் சாலிஃபெனாசின், மிராபெக்ரான் வகை மாத்திரைகள் உண்டு. போன பூச்சுக்குப் பதிலாக ஹயலுரானிக் அமிலத்தைக் குழாய் வழியாகப் பைக்குள் விடுவது உண்டு, போடாக்ஸ் ஊசி உண்டு. சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்குக் காசுதான் போகிறது. இதில் எது சிறந்தது என்று அடித்துச் சொல்கிற அளவுக்குப் பெரிய ஆய்வுகள் இல்லை, ஆகவே யாராவது ‘பத்து ஊசியில் பூரண குணம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். எதற்கும் மசியாத, முற்றிலும் சுருங்கிய பைக்குச் சிறுகுடலில் ஒரு துண்டை எடுத்துப் பையோடு தைத்துப் பெரிதாக்கும் அறுவை இருக்கிறது. காசநோய்ப் பைகளுக்கு இதை வெகுகாலமாகச் செய்து வருகிறோம், கைவந்த வேலைதான். ஆனால் அதற்குப் பிறகு பலர் தாங்களே குழாய் விட்டுச் சிறுநீரை எடுக்க வேண்டியிருக்கும், குடல் சளி அடைக்கும், ரத்தத்தில் அமிலத்தையும் பி12 அளவையும் ஆயுள் முழுக்கப் பார்க்க வேண்டும். கெட்டமினைத் தொடர்ந்தால், தைத்த குடல் அந்த நச்சை ரத்தத்துக்குள் திரும்ப உறிஞ்சும், சிறுநீர்க் குழாய்களும் கெடும். அதனால் சில மாதமாவது தொடாமல் இருந்தவருக்குத்தான் நான் இதைச் செய்ய ஒப்புக்கொள்வேன். 23 வயதில் இது கடைசிப் படி, எடுத்தவுடன் அங்கே போய் நிற்க வேண்டாம்.

போலீஸ் விஷயம். நான் வக்கீல் இல்லை, மருத்துவராக எனக்குத் தெரிந்தது இது. கெட்டமின் 2011இல் போதைப்பொருள் சட்டத்தின் மனமயக்கப் பொருள் பட்டியலில் சேர்ந்தது, 2013இல் மருந்துக் கடை விற்பனைக்கும் கடுமையான அட்டவணை எக்ஸ் விதி வந்தது. ஆகவே வைத்திருப்பதும் எடுப்பதும் குற்றம், அதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. ஆனால் சிறுநீர்த் தொல்லைக்கு என்று ஓ.பி.க்கு வந்த நோயாளி முன்பு என்ன எடுத்தார் என்று காவல் நிலையத்துக்குச் சொல்லும் வழக்கமோ கட்டாயமோ எங்களுக்குக் கிடையாது. சொன்னதைக் காப்பது எங்கள் தொழில் கடமை. அதே போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் போதை மீட்புச் சிகிச்சை எடுத்து முடிப்பவருக்கு, எடுத்த குற்றத்துக்கும் சிறிய அளவு சம்பந்தப்பட்ட குற்றத்துக்கும் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். மயங்கி விழுந்து அவசரப் பிரிவுக்குத் தூக்கி வருவது வேறு, அங்கே மருத்துவ-சட்ட வழக்காகப் பதிந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகக் கூடும். நடந்து வரும்போதே வந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கே போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குடியாத்தத்திலிருந்து உங்களுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் சி.எம்.சி.யும் எட்டுகிற தூரம்தான், போதை மீட்புக்குப் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. முதலில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14446, போதை மீட்புக்கான இலவச எண். பேருந்தில் அரை மணி நேரம்கூடத் தாங்க மாட்டான், வாடகைக் கார் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிறுத்த வேண்டியிருக்கும் என்று டிரைவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வழியில் போக வேண்டியிருக்கும் என்று பயந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்தினால் சிறுநீர் கெட்டியாகி எரிச்சல் கூடும், கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும். குளிர் காய்ச்சல், விலாப்புறத்தில் வலி, சிறுநீரே வராமல் நிற்பது, கட்டியாக ரத்தம் வருவது, இவற்றில் எது வந்தாலும் ஓ.பி. நாளுக்குக் காத்திராமல் அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கேயும் அந்தத் துண்டுச் சீட்டை மறக்காமல் கொடுங்கள்.